சந்தா கட்டினவர் பிள்ளை, கட்டாதவர் பிள்ளை: சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளிச் சங்கத்தின் கணக்கு

பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தா குடும்பத்துக்கு 400 ராண்ட். பிப்ரவரி முடிவதற்குள் பள்ளி அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட டைரியின் அட்டையில் ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டப்படும். ஏழாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களுக்கான பிரிவு விழாவுக்கு ஸ்டிக்கர் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே டிக்கெட். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியிலிருந்து 2025 தொடக்கத்தில் வீடுகளுக்குப் போன சுற்றறிக்கையின் சாரம் இதுதான். ஒரு பக்கக் காகிதம், ஆங்கிலத்தில் மட்டும். அந்தப் பள்ளியில் இன்று பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டில் பேசுவது ஜூலு.

கோயில், சங்கம் என்று பல இடங்களில் ரசீதுப் புத்தகங்களைச் சரிபார்த்துப் பழகியவன் என்பதால் சங்கத்தாரும் என்னைக் கூப்பிட்டார்கள், சங்கத்தின் மேல் வருத்தப்பட்டவர்களும் கூப்பிட்டார்கள். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆட்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

சந்தாவைக் கொண்டுவந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பொருளாளர் ஆன்டி அந்தப் பள்ளியிலேயே படித்தவர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பள்ளிக்குக் கொடுத்துத்தான் பழக்கம். டர்பன் இருக்கும் நாட்டால் மாகாணத்தில் இந்தியப் பிள்ளைகளுக்கு அரசு தானாக முன்வந்து பள்ளி கட்டாத காலம் ஒன்று இருந்தது. ஊர் பணம் சேர்த்தால் அரசு தன் பங்கைப் போடும். 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரியும் சமூகம் சேர்த்த பணத்தில் எழுந்ததுதான். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் பிரதிநிதியாக இங்கே இருந்தபோது முன்னின்று நடத்திய வசூல் அது. கரும்புத் தோட்டத்துக் கூலிக்காரரும் அன்று தன்னால் முடிந்ததைப் போட்டார் என்று பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 'நானூறு ராண்ட் கொடுக்க முடியாதா?' என்று பொருளாளர் கேட்டபோது அந்தப் பெருமைதான் பேசியது. ஆனால் அன்று கொடுத்தவர் முடிந்ததைக் கொடுத்தார். இன்று கேட்பது எல்லாரிடமும் ஒரே தொகை.

பள்ளியின் நிலைமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அரசுப் பள்ளிகளை ஐந்து பிரிவாக வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரம் எவ்வளவு ஏழ்மையானது என்பதுதான் அளவுகோல். முதல் மூன்று பிரிவில் கட்டணம் கிடையாது. நான்காவதும் ஐந்தாவதும் கட்டணம் வாங்கலாம், அரசு தரும் மானியம் அதற்கேற்பக் குறையும். 2023-க்குத் தேசிய அளவில் வைத்த இலக்கு, முதல் மூன்று பிரிவுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 1,602 ராண்ட், நான்காவதுக்கு 803, ஐந்தாவதுக்கு 277. அரசு நியமித்த ஆசிரியர்களின் சம்பளம் இதில் சேராது. தண்ணீர், மின்சாரம், காகிதம், பழுதுபார்ப்பு எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

இந்தப் பள்ளி ஐந்தாம் பிரிவு. இனத்துக்கு ஒரு பகுதி என்று மக்களைப் பிரித்த குழு வாழிடச் சட்டத்தால் நகரத்துக்குள்ளிருந்து இந்தியரைப் பெயர்த்து 1960-களில் குடியேற்றிய ஊர் சாட்ஸ்வொர்த். பள்ளியைச் சுற்றி இருப்பவை செங்கல் வீடுகள், வாசலில் கார். காகிதத்தில் பார்த்தால் வசதியான இடம். ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் பக்கத்து அடுக்குக் குடியிருப்புகளிலிருந்தும் பாட்டில்பிரஷ் தகரக் குடிசைகளிலிருந்தும் வருகிறவர்கள். மானியம் வருவது செங்கல் வீட்டுக் கணக்கில், பிள்ளைகள் வருவது தகர வீட்டிலிருந்து. சங்கச் சந்தா என்ற யோசனை பிறந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

நாலு வீடு

சங்கத்தின் கொள்கை 'எல்லாருக்கும் ஒரே விதி'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாலு வீட்டில் அது எப்படி இறங்கியது என்று பார்க்கலாம்.

முதல் வீட்டில் ஒரு பாட்டி. மகள் இல்லை, மகள் பிள்ளை மட்டும் இவரிடம். அவனுக்காக வாங்கும் உதவித்தொகை 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்ட் ஆனது, அதற்கு முன் 530. பிள்ளையின் பேரில் அரசு உதவித்தொகை வாங்குபவருக்குப் பள்ளிக் கட்டணத்திலிருந்து தானாகவே விலக்கு உண்டு. விண்ணப்பமும் சான்றும் கொடுத்தால் போதும், வருமானக் கணக்கே தேவையில்லை. பள்ளியும் மறுக்காமல் கொடுத்திருந்தது. அதே பள்ளியின் அதே ஜன்னலில் இப்போது 400 கேட்டார்கள்.

"பேரனுக்குப் பீஸ் இல்லேன்னு நீங்கதானேம்மா எழுதிக் கொடுத்தீங்க? இது என்ன புதுசா?"

"அது ஸ்கூல் பீஸ் ஆன்டி. இது சங்கம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

பாட்டி கட்டினார், இரண்டு தவணையில். ரசீதைப் பார்த்தேன். மேலே சங்கத்தின் பெயர், கீழே பள்ளி அலுவலகத்தின் ரப்பர் முத்திரை. இந்த விவகாரத்தின் முழுக் குழப்பமும் அந்த ஒரு ரசீதில் இருந்தது.

இரண்டாவது வீட்டில் அண்ணன் குடும்பம் முன்னால், தம்பி குடும்பம் பின்னால் அவுட்பில்டிங்கில். இரண்டு அடுப்பு, ஒரே முகவரி, பள்ளியில் ஐந்து பிள்ளைகள். சங்கத்தின் பதிவேட்டில் முகவரிதான் குடும்பம். ஆகவே ஒரே சந்தா, ஐந்து ஸ்டிக்கர்.

மூன்றாவது, பிரிந்து வாழும் அப்பா அம்மா. ஒரே மகன். பள்ளிப் பதிவில் இரண்டு முகவரி இருந்ததால் இரண்டு பேருக்கும் தனித்தனியே சந்தாக் கடிதம் போனது. அப்பா அதைப் பார்க்கவே இல்லை. அம்மா தன் பங்கைக் கட்டினாள். ஆனால் 'குடும்பக் கணக்கில் பாக்கி' என்று ஸ்டிக்கர் தரவில்லை. இது சங்கத்துக்கு மட்டும் உள்ள கோளாறு என்று நினைக்க வேண்டாம். பள்ளிக் கட்டண விலக்கிலேயே இந்தச் சண்டை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. முன்னாள் கணவரின் வருமான விவரம் கொண்டுவந்தால்தான் விண்ணப்பத்தைப் பார்ப்போம் என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பிய வழக்கில், 2017 டிசம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் நின்றது.

நாலாவது வீட்டுக்காரர் டெலிவரி பக்கி, அதாவது சின்னச் சரக்கு வண்டி, ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் வருடம் 9,000 ராண்ட் கட்டணம். பாக்கி வைத்ததே இல்லை. சந்தாவையும் முதல் வாரத்திலேயே கட்டியவர். எனக்கு நேராகவே சொன்னார்: "நான் கட்டுறேன், அவன் கட்டலை. ரெண்டு பேர் புள்ளைக்கும் ஒரே டீச்சர், ஒரே கேட். அப்போ நான் மட்டும் மடையனா?"

இந்தக் கேள்வியைத் தட்டிவிடுவது எளிது. தட்டிவிடக் கூடாது என்பது என் எண்ணம். கட்டணப் பள்ளியில் விலக்கு வாங்கிய பிள்ளைகளுக்காகப் பள்ளி இழக்கும் பணத்தை மாகாண அரசு முழுதாக ஈடுசெய்வதில்லை, ஒரு பகுதிதான் வரும். மீதியைச் சுமப்பது கட்டணம் கட்டுகிற பெற்றோர்தான், அதாவது இவர். பெரிய பணக்காரராக இருந்தால் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்திருப்பார். ஏழைக்குக் கொஞ்சம் மேலே இருப்பவரின் தோளில்தான் ஏழையின் விலக்கு உட்கார்ந்திருக்கிறது. அரசு செய்திருக்க வேண்டிய வேலை இது.

சம்பளச் சீட்டு

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பக்கிக்காரரின் வீட்டு வருமானம் வருடத்துக்கு 2,40,000 ராண்ட். ஒரு பிள்ளையின் கட்டணம் அதில் 3.75 சதவீதம். சட்டப்படி 2 சதவீதத்துக்குக் கீழே போனால் விலக்கு இல்லை. 10 சதவீதத்தைத் தொட்டால் முழு விலக்கு. இடையில் இருப்பவர்களுக்கு, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து, ஒரு பட்டியல்படி பகுதி விலக்கு. இவர் இடையில்தான் இருக்கிறார். பட்டியலில் எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம், விண்ணப்பித்தாவது பார்த்திருக்கலாம்.

ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். சிரித்தார். அவர் மனைவிதான் பதில் சொன்னார்: "அண்ணா, அந்தக் கமிட்டியிலே யார் இருக்கான்னு பாருங்க. ஒருத்தர் எங்க தெரு. ஒருத்தர் என் நாத்தனாரோட சம்பந்தி. இவர் சம்பளச் சீட்டை அவங்க மேஜையிலே வைக்கிறதா?"

கட்டண விலக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் படிவத்தைப் பற்றியும் சதவீதத்தைப் பற்றியும் பேசுவார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள். விலக்கைத் தீர்மானிப்பது எஸ்ஜிபி என்று எல்லாரும் சொல்கிற பள்ளி நிர்வாகக் குழு. சட்டப்படி அதில் மற்ற வாக்குரிமை உறுப்பினர்கள் எல்லாரையும் விட ஒருவர் அதிகமாகப் பெற்றோர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தப் பெற்றோர் நம் தெருக்காரர்கள். சாட்ஸ்வொர்த் பெரிய ஊராக இருக்கலாம், ஒரு பள்ளியின் வட்டாரம் சின்னது. காவடிக்கு ஒரே கோயிலில் நிற்கிறோம், ஒரே கல்யாணத்தில் சாப்பிடுகிறோம். வேலை போன விவரத்தைக் காவல் நிலையத்தில் அஃபிடவிட் எழுதி முத்திரை வாங்கிக் கொண்டுவந்து, பொங்கலுக்குப் பார்க்கப்போகிற முகத்திடம் கொடுக்க வேண்டும். மானத்துக்குப் பயந்து முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கிக் கட்டிய குடும்பங்கள் இந்தப் பள்ளியில் உண்டு. அப்படிக் கட்டியவர்களுக்குத்தான் விலக்கு வாங்கியவர்கள் மேல் கோபம் அதிகம்.

இதற்கு ஒரு சின்ன மாற்றம் சொன்னேன். விண்ணப்பத்தில் பெயரை மறைத்து எண் போட்டு, சம்பள விவரத்தை அலுவலக எழுத்தர் மட்டும் பார்த்துச் சதவீதத்தைக் கணக்கிட்டு, குழுவுக்கு முன்னால் எண்ணும் சதவீதமும் மட்டும் போகட்டும். குழு அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த சுற்றில் பக்கிக்காரர் விண்ணப்பித்தார்.

யாருக்கு ஓட்டு

சுற்றறிக்கையில் கடைசி வரி எல்லார் கண்ணிலும் படவில்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் சந்தா செலுத்தியவர்களுக்கு மட்டுமே வாக்கு என்று அதில் இருந்தது. அடுத்த வருடச் சந்தா எவ்வளவு என்று முடிவெடுப்பது அதே கூட்டம். கட்ட முடியாதவருக்குத் தொகை கூடுகிறதா குறைகிறதா என்பதில் பேச்சே கிடையாது.

சங்கம் என்றால் இப்படித்தானே இருக்கும் என்று கேட்கலாம். கிரிக்கெட் கிளப்பானால் சரி. ஆனால் பள்ளிக் கட்டணத்தைச் சட்டம் எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டப்படி, பெற்றோர் எல்லாருக்கும் 30 நாள் முன்னதாகவே அறிவித்துப் பொதுக்கூட்டம் போட வேண்டும். வரவு செலவுத் திட்டத்தை 14 நாள் முன்பே பள்ளியில் பார்வைக்கு வைக்க வேண்டும். வந்திருக்கும் பெற்றோரில் பெரும்பான்மை ஒப்புக்கொண்டால்தான் கட்டணம் செல்லும். அங்கே விலக்கு வாங்கிய பாட்டிக்கும் ஒரு ஓட்டு, பக்கிக்காரருக்கும் ஒரு ஓட்டு. சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் முப்பத்து சொச்சம் பேர், பெரும்பாலும் நம்மவர்கள். ஜூலுக் குடும்பம் ஒன்றுகூட இல்லை. பலர் சேர்ந்து போகும் டாக்சியில் வருகிறவருக்கு மாலை ஆறரை மணிக் கூட்டம் என்றால் வீடு திரும்ப வண்டி கிடைக்காது என்று யாரும் யோசித்திருக்கவில்லை.

அதே சட்டம் இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறது. அரசுப் பள்ளி, பள்ளிக் கட்டணத்தைத் தவிரப் பதிவுக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று வேறு எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. பெற்றோர் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை விளையாட்டு, கலை, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கக் கூடாது, ரிப்போர்ட்டை நிறுத்தக் கூடாது, சொல்லாலோ சைகையாலோ புண்படுத்தக் கூடாது. நீல ஸ்டிக்கர் சைகையா இல்லையா என்று குழுவில் ஒருவர் வாதாடினார். ஸ்டிக்கர் இல்லாத பிள்ளைகள் டைரிக்குத் தாங்களே நீலத்தாள் வெட்டி ஒட்டியதை ஒரு ஆசிரியை சொன்ன பிறகு அந்த வாதம் நின்றது.

பணம் எங்கே போனது

சுமார் 620 குடும்பங்களில் 270 குடும்பங்கள் கட்டின. 1,08,000 ராண்ட். திருட்டு, மோசடி எதுவும் இல்லை. புத்தகம் சுத்தம், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது இருந்தது. வாசலில் காலையும் மதியமும் நிற்கும் காவலாளிக்கு 48,000. எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுகிற பெண்ணுக்கு 36,000. நகல் எடுக்கும் இயந்திர வாடகை 12,000. பிரிவு விழாவுக்கும் விளையாட்டு நாள் பனியனுக்கும் 12,000.

முதல் இரண்டையும் கூட்டினால் 84,000, மொத்தத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டு. காவலாளி ஸ்டிக்கர் பார்த்துக் கேட்டைத் திறப்பதில்லை. வாசிப்பு உதவியும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்குமான செலவு என்றால் அது பள்ளியின் செலவு, பள்ளி வரவு செலவுத் திட்டத்துக்குள் வர வேண்டியது. அங்கே வந்தால் கட்டணத்தில் சேரும். கட்டணத்தில் சேர்ந்தால் விலக்கு விதிகள் தானாகப் பொருந்தும். சங்கத்தின் பேரில் வெளியே வைத்ததால், முன்வாசலில் சட்டம் இறக்கிவைத்த சுமை பக்கவாசல் வழியாகப் பாட்டியின் தலையில் மறுபடி ஏறியது. வேண்டுமென்று செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டணத்தை உயர்த்தக் கூட்டம் போட்டால் சத்தம் வரும், சந்தா என்றால் வராது. அந்த வசதிதான் காரணம்.

'சங்கம் தனி, பள்ளி தனி' என்பதுதான் பொருளாளரின் கடைசிக் கேடயம். அதை உடைத்தது ஐந்தாம் வீடு. சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், தனியாளாக மகளை வளர்க்கிறாள். மாதம் 8,000, வருடம் 96,000 ராண்ட். கட்டணம் 9,000 என்றால் அது வருமானத்தில் 9.375 சதவீதம். பத்தைத் தொடவில்லை. ஆகவே பகுதி விலக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

விலக்கு விதிகளில் ஒரு சூத்திரம் இருக்கிறது. வருமானத்தோடு ஒப்பிடும்போது வருடக் கட்டணத்தை மட்டும் எடுத்தால் போதாது. பிள்ளை பள்ளியில் படிப்பதற்காகப் பெற்றோர் கூடுதலாகச் செலுத்திய பணத்தையும் அதோடு கூட்ட வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் உண்டு. எல்லாப் படிவத்திலும் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது. இவள் கட்டியிருந்தது சந்தா 400, டைரிக்கும் அச்சுத்தாளுக்கும் என்று தனியாக வாங்கிய 300. கூட்டினால் 9,700. 96,000-த்தில் அது 10.1 சதவீதம். முழு விலக்கு.

குழுவின் முன் இதை வைத்தபோது இரண்டே வழிதான் இருந்தது. சந்தா பள்ளிப் பணம் என்றால் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும், அத்தோடு அப்படி ஒரு கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கியதே தப்பு. பள்ளிப் பணம் இல்லை என்றால் பள்ளி எழுத்தர் ஏன் வாங்கினார், முத்திரை ஏன் போட்டார், பிள்ளையை ஏன் விழாவிலிருந்து நிறுத்தினார்கள்? குழு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று அவளுக்கு எழுதி வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை. முழு விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு

ஸ்டிக்கர் போனது. பிரிவு விழா எல்லாருக்கும் என்றானது. காவலாளி, வாசிப்பு உதவி, அச்சுத்தாள் எல்லாம் 2026-க்கான பள்ளி வரவு செலவுத் திட்டத்துக்குள் வந்தன. பெற்றோர் கூட்டத்தில் கட்டணம் 9,600 என்று முடிவானது. கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வைத்தார்கள், சுற்றறிக்கை ஜூலுவிலும் போனது. பக்கிக்காரர் எழுந்து உயர்வை எதிர்த்துப் பேசிவிட்டு, ஓட்டெடுப்பில் ஆதரித்துக் கை தூக்கினார். அவரிடம் காரணம் கேட்கவில்லை.

சங்கச் சந்தா இப்போது விருப்பக் காணிக்கை. மூடிய உறையில் போடலாம், பெயர் எழுத வேண்டாம், ஓட்டு எல்லாப் பெற்றோருக்கும். முதல் வசூல் பழையதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பொருளாளர் ஆன்டிக்கு அதில் வருத்தம், எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. பழைய கோயில்களுக்கே உண்டியல் நிரம்ப நாளாகிற ஊர் இது.

தீராமல் நிற்பது பிரியாணி. ஒவ்வொரு வருடமும் நிதிக்காகப் பெரிய பானைகளில் பிரியாணி செய்து, பருப்பும் புளித்த மோரும் வைத்து, டப்பாவில் விற்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் பிரியாணி விற்காமல் கட்டிய சுவர் குறைவு. ஒவ்வொரு பிள்ளையிடமும் பத்து டிக்கெட் கொண்ட புத்தகம் வரும், டிக்கெட் ஒன்று 70 ராண்ட். விற்காத டிக்கெட்டுக்குப் பெற்றோரே பணம் கட்ட வேண்டும் என்பது எழுதாத விதி. அலுவலகத்தில் வேலை செய்கிற அப்பா பத்தையும் மதியத்துக்குள் விற்றுவிடுவார். பாட்டில்பிரஷில் இருக்கும் அம்மா யாரிடம் விற்பாள்? 700 ராண்ட், சந்தாவைவிடப் பெரிய தொகை. விற்காததைத் திருப்பித் தரலாம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அப்படிப் போட்டால் பாதிப் புத்தகம் திரும்பி வந்துவிடும் என்கிறார்கள். வரும்தான். பானையைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

காசாளர் பெண்ணின் 700 ராண்டும் அப்படியே நிற்கிறது. வாங்கியிருக்கக் கூடாத பணம், ஆகவே திருப்பித் தர வேண்டும் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் திருப்பித் தந்தால் அவள் கூடுதலாகக் கட்டியது எதுவும் இல்லை என்றாகும். சதவீதம் மறுபடி 9.375-க்கு இறங்கும், முழு விலக்கு பகுதி விலக்காகும், 2025 கட்டணத்தில் பாக்கி முளைக்கும். அவளிடம் இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டினேன். "ரசீதை நான் பத்திரமா வச்சிருக்கேன் அண்ணா. பணம் அவங்ககிட்டேயே இருக்கட்டும்" என்றாள்.